சித்திக்குப் போட்ட வயலின்

செய்தி சேனலில் என் அடையாள அட்டையில் ஒலி வடிவமைப்பாளர் என்று போட்டிருந்தது. அது என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் விளங்கவைக்க முடிந்ததில்லை. "தலைப்புச் செய்தி வரும்போது டொக்குன்னு ஒரு சத்தம் வருதே, அது நான் போட்டது" என்பேன். அதற்குமேல் யாரும் கேட்டதில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் செய்திப் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "ஜனங்க நியூஸ் பாக்கறாங்கன்னு நெனைக்காதம்மா. யாரும் பாக்கறதில்ல, கேக்கறாங்க. ஒருத்தங்க சமையல்கட்டுல இருப்பாங்க, ஒருத்தங்க துணி மடிச்சிட்டிருப்பாங்க. அவங்கள டிவி முன்னாடி வரவைக்கறது உன் வேலை. வந்தவங்கள விளம்பரம் முடியறவரைக்கும் நிக்கவைக்கறதும் உன் வேலை."

அது எனக்குப் புதிதல்ல. திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் எந்த சேனல் ஓடுகிறது என்று சோறு வடித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் போக வரிசைகட்டி நிற்கும். பகல் முழுக்க இன்ஜின் உறுமலும் ஹாரனும்தான். இந்த இரைச்சலைத் தாண்டிச் சமையல்கட்டுக்குள் வர வேண்டுமென்றால் ஒரு சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்பதைக் கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டேன்.

ஸ்டுடியோவில் பெரிய ஸ்பீக்கர்கள் இருந்தன. அவற்றில் முரசுச் சத்தம் போட்டால் நெஞ்சுக்கூடு அதிரும். அதே சத்தம் வீட்டு டிவியில் ஒன்றுமே இல்லாமல் போய்விடும். அதனால் என் மேசையில் ஒரு பழைய சின்ன டிவியை வாங்கி வைத்துக்கொண்டேன். எதைச் செய்தாலும் கடைசியில் அதில் போட்டுக் கேட்பேன். முரசின் மேல் மரத்தில் தட்டுவது போன்ற ஒரு காய்ந்த சத்தத்தை ஒட்டினேன். அதுதான் சுவரைத் தாண்டியது. ஒருநாள் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும்போது அந்த டொக் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. வந்ததும் அங்கே யாரோ டிவியின் சத்தத்தைக் கூட்டினார்கள். கையில் பாத்திரத்தோடு அப்படியே நின்றேன். அன்று சந்தோஷமாக இருந்தது நினைவிருக்கிறது.

மற்றதெல்லாம் பழக்கத்தில் வந்தது. விளம்பரத்துக்குமுன் ஒரு சத்தத்தை மேலே மேலே ஏற்றி, இறக்காமல் வெட்டிவிட வேண்டும். அது இறங்கட்டும் என்று மனிதர்கள் காத்திருப்பார்கள். எங்கேயும் இரண்டு விநாடிக்கு மேல் அமைதி இருக்கக் கூடாது. அமைதியானால் கை ரிமோட்டுக்குப் போகும். என் கணினியில் பரபரப்பு, கோபம், சோகம் என்று தனித்தனியாக இசைத் துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தேன். சோகத்துக்குள் வயலின், புல்லாங்குழல், ஒரு பெண் முனகுவது என்று உட்பிரிவுகளும் உண்டு.

நான்கைந்து வருடத்தில் ஒரு முகத்தைப் பார்த்தால் அது யார் முகம் என்பதற்குமுன் இசை எங்கே நுழைய வேண்டும் என்பதுதான் தெரிந்தது. விபத்து, தீ, தூக்கு, எல்லாம் அப்படித்தான். அம்மா இறந்த அன்று வீட்டில் உறவுக்காரர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். மின்விசிறி கடகடவென்று அடிப்பதைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. வரவில்லையே என்ற கவலையும் வரவில்லை.

அம்மாவுக்குப் பிறகு எனக்கு இருந்தது சித்திதான். அம்மாவின் தங்கை. சித்தப்பா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. ஒரே மகளை மணலி புதுநகரில் கட்டிக்கொடுத்துவிட்டு, சித்தி சடையங்குப்பத்தில் தனியாக இருந்தாள். மணலியில் டேங்கர் லாரிகள் நிற்கும் இடத்தில் தள்ளுவண்டியில் இட்லிக்கடை. வீட்டில் இரண்டு ஆடுகள். யாருக்கும் எதற்கும் பயப்படாதவள். டிரைவர்களை அதட்டித்தான் சாப்பிட வைப்பாள்.

அந்த டிசம்பரில் மழை இரண்டு நாள் விடவில்லை. சடையங்குப்பத்துக்குள் தண்ணீர் வர அதற்குமேல் எதுவும் தேவையில்லை. சித்தியின் போன் அணைந்திருந்தது. சித்தியின் மகளான தங்கச்சிக்கும் அவளைப் பற்றித் தகவல் இல்லை. ஆபீஸ் வண்டி காலையில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனது. போனேன்.

பதினோரு மணி வாக்கில் செய்தியாளர் அனுப்பிய பதிவுகள் வந்தன. மூன்றாவது பதிவில் சித்தி நின்றாள். முழங்காலுக்கு மேல் தண்ணீர். புடவையை இடுப்பில் தூக்கிச் செருகியிருந்தாள். செய்தியாளர் மைக்கை நீட்டி, "எப்படிம்மா இருக்கீங்க? வீடு என்னாச்சு?" என்று கேட்டார்.

"வூட்ல தண்ணி பூந்துச்சு. இன்னா பண்றது" என்றாள் சித்தி.

பிறகு முகத்தை வலதுபக்கம் திருப்பிக்கொண்டாள். எதுவும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பதினோரு விநாடி கழித்து, "ஒண்ணும் தெரில" என்றாள். பதிவு அதோடு முடிந்தது.

உயிரோடு இருக்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த நினைப்பு, மைக்கில் காற்று அடித்திருக்கிறதே என்பது. இது என் சித்தி என்று பக்கத்து மேசையில் சொல்லியிருக்கலாம். நா எழவில்லை என்றெல்லாம் சொன்னால் அது பொய். சொல்லத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மழை, காற்று, படகு மோட்டார், தூரத்தில் யாரோ கத்துவது என்று பின்னால் ஒரே இரைச்சல். எல்லாவற்றையும் இழுத்துக் கீழே இறக்கினேன். சித்தி முகத்தைத் திருப்பும் இடத்தில் வயலினை மெல்ல நுழைத்தேன். முந்தானை முகத்தில் படும்போது ஏற்றினேன். "ஒண்ணும் தெரில" என்பதற்குச் சரியாக அரை விநாடி முன்னால் நிறுத்தினேன். கால்மணி நேரம்கூட ஆகவில்லை. முடித்துத் திரும்பினால் தலைவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்களை அழுத்திக்கொண்டார்.

"இன்னொரு தடவ போடும்மா" என்றார். போட்டேன். "இதையே முன்னோட்டத்துக்கு எடுத்துக்க. அரைமணிக்கொரு தடவ போகட்டும்."

அன்று மாலைக்குள் அது எல்லார் போனிலும் இருந்தது. சேனலில் அந்த வாரம் வேறு எதைப் போட்டாலும் நடுவில் சித்தியின் முகம் வந்தது.

இரண்டு நாள் கழித்துத் தங்கச்சி போன் செய்தாள். சித்தியைப் படகில் கூட்டி வந்து மணலி புதுநகரில் தன் வீட்டில் வைத்திருப்பதாகச் சொன்னாள். "அக்கா, அம்மாவ ஒங்க டிவில பாத்தோம். என் மாமியார்லாம் ஒரே அழுவ. இத்தன வருசத்துல அம்மா அழுது நான் பாத்ததே இல்லக்கா" என்றாள். சித்தியிடம் போனைக் கொடுத்தாள். சித்தி, "துன்னியா? பத்ரமா போ, தண்ணில கால் வெக்காத" என்றதோடு சரி.

தண்ணீர் வடிந்து சித்தி மறுபடி கடை போட்டதும், வாரவிடுமுறையில் பார்க்கப் போனேன். காலை நேரம். டேங்கர்கள் வரிசையாக நின்றன. வண்டியோரம் ஒரு டிரைவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு கையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வயலின் கேட்டது. எனக்கு அந்த இழுப்பு மனப்பாடம்.

டிரைவர் நிமிர்ந்தார். "அக்கா, இது நீ தான?"

"நான் தான். இன்னும் ரெண்டு வெக்கவா?"

அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். தட்டில் இருந்ததையும் சரியாகச் சாப்பிடவில்லை. போகும்போது, "மனச தளரவுடாதக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சித்தி என் பக்கம் திரும்பினாள். "பாத்தியா? தெனம் இதே பேஜாரு. வர்றவன்லாம் சாவு வூட்டுக்கு வந்தா மாரி மூஞ்ச வெச்சுகினு துன்றான். ஒருத்தனயும் அதட்ட முடில. அதட்டுனா பாவமா பாக்கறான்." இட்லித் தட்டில் மாவை ஊற்றிக்கொண்டே கேட்டாள். "ஆமா, அதுல பாட்டு யாருடி போட்டது?"

"நான் தான் சித்தி."

கரண்டி நின்றது. "நீயா?"

"ஆமா."

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் மிச்சக் குழிகளிலும் மாவை ஊற்றி, தட்டை அடுக்கி, மூடியைப் போட்டாள். பிறகு சொன்னாள். "நான் அழுவவே இல்லியேடி."

"மொகத்த தொடச்சியே சித்தி."

"மழ பேஞ்சா மொகத்துல தண்ணி வராதா?"

"அந்தாண்ட திரும்பிகினு பேசாம நின்னியே?"

"ஆட்டக் கேட்டுகினு இருந்தேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். தண்ணீர் ஏற ஏற, இரண்டு ஆடுகளையும் தெருக்கோடி வீட்டு மொட்டைமாடியில் ஏற்றச் சொல்லி அந்த வீட்டுக்காரரிடம் விட்டிருந்தாள். அவர் ஏணி வைத்து ஏற்றுவதாகச் சொன்னார். ஏற்றினாரா, இரண்டையுமா என்று தெரியவில்லை. திரும்பிப் போய்ப் பார்க்க முடியாதபடி தண்ணீர் வந்துவிட்டது. "ஒண்ணு கத்துது. இன்னொண்ணு கத்துதான்னு காது குடுத்துகினு நிக்கறேன். அந்த நேரம் பாத்து அந்த ஆளு மைக்க நீட்றான். நான் இன்னாத்த சொல்றது? ஒண்ணும் தெரிலன்னு சொன்னேன்."

"வூட்டப் பத்தி சொல்றேன்னு நெனச்சேன்."

"வூடு எங்க போவுது. அது அங்கியேதான் கீது."

மறுநாள் ஆபீஸில் பழைய பதிவைத் தேடி எடுத்தேன். நான் கை வைப்பதற்குமுன் இருந்த பதிவு. வெளியே கொண்டுபோகக் கூடாது என்று விதி உண்டு. என் போனில் ஏற்றிக்கொண்டு அடுத்த விடுமுறையில் சடையங்குப்பம் போனேன்.

சித்தியின் வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு என் மார்பு உயரத்துக்கு இருந்தது. அதற்குக் கீழே சேற்று நிறம். அதற்கு மேலே பழைய பச்சை நிறம். வாசலில் கட்டிலைச் சாய்த்து வைத்திருந்தாள். யாரோ கொடுத்த புதுப் போர்வைகள் கொடியில் காய்ந்தன. கதவோரம் ஒரே ஒரு ஆடு கட்டியிருந்தது.

படியில் உட்கார்ந்து ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டோம். ஓடவிட்டேன். மழை. படகு மோட்டார். "ஏணிய இப்டி இட்டா" என்று ஒரு ஆண் குரல். சித்தி, வூட்ல தண்ணி பூந்துச்சு என்றாள். பிறகு அந்தப் பதினோரு விநாடி. காற்றின் இரைச்சலுக்கு அடியில், மிக மெல்லிசாக, ஓர் ஆடு கத்தியது.

சித்தி விரலைத் தூக்கினாள். "தோ."

மறுபடி கத்தியது. "இதான்" என்று கட்டியிருந்த ஆட்டைக் காட்டினாள். "இது கொரலுதான்."

மறுபடி போடச் சொன்னாள். நான்கு தடவை போட்டேன். ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பதிவில் எப்படி முகத்தைத் திருப்பி நின்றாளோ அப்படியே இப்போதும் முகம் வலதுபக்கம் திரும்பியது. கடைசியில் இயர்போனைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"இல்ல. இன்னொண்ணு அப்பவே இல்ல" என்றாள். "நான் என்னமோ அது ரெண்டு நாளு மேல கெடந்து அப்பால போச்சோன்னு நெனச்சுகினு இருந்தேன். ஏத்தசொல்லோ ஏணிலயே தண்ணில வுட்டுட்டுருக்கான். பாவம், அந்த மாடி வூட்டுக்காரன் சொல்ல முடியாம சுத்திகினு கீறான்."

ஆட்டுக்குத் தழையை உதறிப் போட்டாள். "இதயே போட்டுருக்கலாமேடி" என்றாள். "இதுல தான் நான் கீறேன். அதுல வேற யாரோ பொம்பள."

அந்த நிமிடம் எனக்கு ஏதாவது தோன்றியிருக்க வேண்டும். நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. ஆபீஸில் நல்ல ஹெட்போனில் இதே பதிவை எத்தனை தடவை கேட்டேன், எப்படித் தவறவிட்டேன் என்று. தவறவிடவில்லை. இரைச்சலைக் குறைக்கும்போது ஆட்டின் குரலும் அதோடு சேர்ந்துதான் போயிருக்கிறது. கேட்டிருந்தாலும் அதை இரைச்சல் என்றுதான் வைத்திருப்பேன்.

மறுநாள் தலைவரிடம் போனேன். அந்த முன்னோட்டத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

"ஏன்? நல்லாத்தானே போகுது?"

"அது எங்க சித்தி சார்."

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "ஏம்மா அன்னிக்கே சொல்லல?"

"அவங்க அழல சார். ஆடு கத்துதான்னு கேட்டுட்டிருந்தாங்க."

"சரிம்மா. ஆனா அதப் பாத்துட்டு எவ்ளோ பேர் அரிசி அனுப்பினாங்க, போர்வை அனுப்பினாங்க, உனக்கே தெரியும். ஆடு கத்தறதப் போட்டிருந்தா வந்திருக்குமா?"

அவர் கெட்டவர் இல்லை. சொன்னதிலும் பொய் இல்லை. சித்தி வீட்டுக் கொடியில் காய்ந்த போர்வைகள் அப்படி வந்தவைதான். நான் இருக்கைக்குத் திரும்பி வந்து மதியச் செய்திக்கு டொக் போட்டேன்.

முன்னோட்டம் தானாகவே ஓய்ந்தது. வேறு முகங்கள் வந்தன. அடுத்த மழைக்காலத்தில், போன வருடம் மூழ்கிய இடங்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்று ஒரு தொகுப்பு போட்டார்கள். அதில் சித்தியின் துண்டு மறுபடி என் மேசைக்கு வந்தது. யாரையும் கேட்காமல் பழைய பதிவை எடுத்தேன். காற்றைக் கொஞ்சம்போலக் குறைத்தேன். வேறு எதையும் சேர்க்கவில்லை. மதியம் ஒரு மணிச் செய்தியில் அது போனது.

ஏழெட்டு விநாடிகூட ஆகியிருக்காது, கட்டுப்பாட்டு அறையிலிருந்து இன்டர்காம் அடித்தது. "ஆடியோ போச்சா? மியூசிக் வரல!"

"இல்ல, அப்படித்தான் போட்டிருக்கேன்."

"என்ன அப்படித்தான்?" அதற்குள் துண்டு முடிந்து செய்தி வாசிப்பாளர் வந்துவிட்டார்.

இரண்டு பேர் சேனலுக்குப் போன் செய்து டிவியில் சத்தம் வரவில்லை என்று சொன்னார்களாம். சில நாள் கழித்துத் தலைவர் தன் அறைக்குக் கூப்பிட்டு, நிமிடவாரியாக எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் கோட்டைத் திரையில் காட்டினார். சித்தி வரும் இடத்தில் கோடு சரிந்திருந்தது.

"திட்டறதுக்குக் கூப்பிடலம்மா. நீயே பாரு. இங்க எழுந்து போயிட்டாங்க."

பார்த்தேன். சரிவு நிஜம்தான். துண்டு போன அன்றே இரண்டு மணிச் செய்திக்கு வயலினை நானே திரும்பப் போட்டுவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். யாரும் வற்புறுத்தவில்லை. இன்டர்காமில் ஒருதடவை சொன்னார்கள். கை தன்பாட்டுக்குப் போய் எடுத்துப் போட்டது.

அன்று மாலை சித்தி போன் செய்தாள். மழை என்பதால் மகள் வீட்டில் இருந்தாள். "பாத்தேன்டி. ஆடு கத்துச்சு" என்றாள். "ஒன் தங்கச்சி சத்தம் வரலன்னு ரிமோட்ட தட்டிகினே கீறா. சும்மா இருடி, வருதுன்னேன். எங்க வருது, ஒண்ணும் வரலம்மான்றா. அதுக்குள்ள முடிஞ்சிட்ச்சு."

"நீ கேட்டியா?"

"நான் கேட்டேன். அப்பால மறுபடி பாட்டு வந்துச்சே?" என்றாள்.

"ஆமா சித்தி. மாத்திட்டேன்."

"செரி வுடு. வேலன்னா அப்டித்தான். இவ மாமியாரு ரெண்டு மணிக்கு மறுபடி அழுவுது." சித்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வேறெதுவும் வரவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். யாரோ பின்னால் தட்டு கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அதன்பிறகு ஆறேழு மாதம் கழித்துக் காலை ராசிபலன் நிகழ்ச்சிக்கு மாற்றிக்கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே தம்புராவும் மணியும்தான். ஒவ்வொரு ராசியும் முடியும் இடத்தில் அடுத்த ராசிக்காரர் போய்விடாமல் இருக்க மணியைக் கொஞ்சம் முன்னாலேயே அடிக்க வேண்டும். மனிதர்களின் முகங்கள் வருவதில்லை. இதைத் தப்பித்தல் என்று சொல்லலாமா, தெரியவில்லை. ஷிப்ட் சீக்கிரம் முடிந்துவிடுகிறது.

இந்த வருடம் மழைக்குமுன் சித்தி வீட்டு வாசலை உயர்த்தினோம். கொத்தனார் மூன்று வாரமாக வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சித்திக்குப் பொறுமை போய்விட்டது. "நாமளே போட்டுக்கலாம் வாடி" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். நிலைவாசலின் குறுக்கே இரண்டு செங்கல் உயரத்துக்குத் தடுப்பு கட்ட வேண்டும். அவள் கல்லை அடுக்க, நான் சிமென்ட் குழைத்துக் கொடுத்தேன். சட்டி இருந்தது, கரணை இல்லை. கையாலேயே அள்ளி அப்பினேன்.

"கைய கழுவு, கைய கழுவு, புண்ணாயிடும்" என்று அவள் கத்திக்கொண்டே இருந்தாள். முடிக்கும்போது உச்சி வெயில். கல் கொஞ்சம் கோணலாகத்தான் நின்றது. சித்தி ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தும் வெளியே வைத்தும் பார்த்தாள். முட்டி வலிக்கிறது என்றாள். பிறகு சாப்பிட்டோம்.

மறுநாள் காலை ஆபீஸில் விரல் நுனிகள் எல்லாம் எரிந்தன. தோல் வெந்து உரிந்திருந்தது. தேங்காய் எண்ணெய் வாங்கிவரச் சொல்லித் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாலைவரை எரிந்துகொண்டே இருந்தது.